கியூ வாங்கும் முன் உங்கள் அடியைப் பாருங்கள்

பூல் (மேசையின் குழிகளில் பந்துகளைத் தள்ளும் ஆட்டம்) ஆடுகிற எவருக்கும் ஒரு கட்டத்தில் சொந்தக் கியூ, அதாவது பந்தை அடிக்கும் கோல், வேண்டும் என்று தோன்றும். கிளப்பில் சுவரோரம் நிற்கும் பொதுக் கியூக்களில் ஓரளவு நேராக இருப்பதைத் தேடி எடுத்து, அன்றைக்கு அதன் டிப் (பந்தைத் தொடும் தோல் முனை) எந்த நிலையில் இருக்கிறதோ அதற்குத் தக்கபடி ஆடி ஆடி அலுத்துப்போன பிறகு வருகிற நியாயமான ஆசை அது. எங்கள் லீக் அணியில் கியூ வாங்கப் போகிறவர்கள் என்னையும் துணைக்கு அழைத்துப்போவது வழக்கமாகிவிட்டது. அவர்களோடு போய், பலவிதக் கியூக்களை எடுத்து அடித்துப் பார்த்து, வாங்கியவர்களின் ஆட்டம் பிறகு எப்படி மாறியது என்பதையும் அருகிலிருந்து கவனித்ததில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

என்னோடு வருகிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, கையில் எவ்வளவு இருக்கிறது என்பதல்ல. எந்த அடியை அதிகம் தவறவிடுகிறீர்கள் என்றுதான் கேட்பேன். நடுத்தர விலைக் கியூக்களில் இந்தக் கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும்.

நடுத்தர விலை என்று நான் சொல்வது, கிளப்பின் பொதுக் கியூவுக்கும், ஒரு கைவினைஞர் உங்களுக்கென்றே கடைந்து தரும் கியூவுக்கும் இடைப்பட்ட பெரிய பரப்பை. இந்தப் பரப்பின் கீழ்ப்படியில் நீங்கள் கொடுக்கும் பணம் உருப்படியான இடங்களுக்குப் போகிறது: நன்றாகப் பதப்படுத்திய மரம், கியூவின் இரு பாதிகளும் பிசிறில்லாமல் பொருந்தும் ஜாயின்ட், ஒழுங்கான தோல் டிப். கொஞ்சம் மேலே ஏறியதும் ஷாஃப்ட்டின், அதாவது முன்பாதியின், தரம் கூடுகிறது. அதற்கும் மேலே போனால் கூடுதல் பணம் பெரும்பாலும் பின்பாதியின் வேலைப்பாட்டுக்குத்தான். இழைத்துப் பதித்த கோலங்கள், வண்ண வளையங்கள், அரிய மரங்கள். அழகுக்குப் பணம் கொடுப்பதில் தவறே இல்லை. கையில் எடுக்கும்போதெல்லாம் மனம் மலர்கிற கியூவை ஒருவர் கூடுதலாகப் பயிற்சிக்கு எடுப்பார். ஆனால் பல தயாரிப்பாளர்கள் ஒரே ஷாஃப்ட்டை வெவ்வேறு பின்பாதிகளோடு வெவ்வேறு விலைக்கு விற்கிறார்கள். வெள்ளைப் பந்துக்கு அந்தக் கோலங்கள் தெரியாது. ஆகவே கடையில் நுழைந்ததும் முன்பாதியைப் பாருங்கள்.

முன்பாதியில் முக்கியமானது விலகல். இதைப் புரிந்துகொள்ளாமல் கியூ வாங்குவது காலளவு தெரியாமல் செருப்பு வாங்குவது போலத்தான். வெள்ளைப் பந்தின் நடுவை விட்டு வலப்பக்கமாக அடித்தால், பந்து சுழல்வதோடு, கியூ காட்டிய திசையிலிருந்து சற்று இடப்பக்கமாக விலகிப் போகிறது. இடப்பக்கம் அடித்தால் வலப்பக்கம் விலகும். எவ்வளவு விலகும் என்பதை முடிவு செய்வது ஷாஃப்ட்டின் முன்முனையின் எடை. டிப்பிலிருந்து ஒரு சாணுக்கும் குறைவான நீளத்தில் எவ்வளவு கனம் இருக்கிறதோ அதற்கேற்ப விலகல் கூடும், குறையும். டிப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஏறத்தாழ ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் ஷாஃப்ட்டின் பின்பகுதிக்குச் சேதி போய்ச் சேருவதற்கு நேரமில்லை.

கணக்கிட்டுப் பார்த்தால் இதன் கனம் விளங்கும். ஒரே ஒரு பாகை விலகினால்கூட, இரண்டு மீட்டர் தள்ளிப் போகும்போது பந்து சுமார் மூன்றரை சென்டிமீட்டர் இடம் மாறியிருக்கும். பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ. அதாவது பாதிப் பந்துக்கும் மேலான பிழை. பக்கச் சுழலோடு நீண்ட அடி அடிக்கிறவர்கள் எல்லோரும் இந்தப் பிழையைத் தெரிந்தோ தெரியாமலோ குறியில் சரிசெய்துகொண்டுதான் ஆடுகிறார்கள்.

அந்தத் திருத்தத்தைச் சிறிதாக்கத்தான் முன்முனை இலேசான ஷாஃப்ட்டுகள் வந்தன. 1990-களின் நடுவில் பிரெடேட்டர் நிறுவனம் 314 ஷாஃப்ட்டைக் கொண்டுவந்தது. பல மரத்துண்டுகளை ஒட்டி, முன்முனையை உள்ளே குடைந்து எடையைக் குறைத்த வடிவம் அது. பிறகு மற்றவர்களும் தத்தம் வழியில் செய்தார்கள். 2010-களின் பிற்பாதியிலிருந்து கார்பன் ஃபைபர் ஷாஃப்ட்டுகள் பரவின. கடைகளில் லோ டிஃப்லெக்ஷன் என்று சொல்லிக் காட்டுவது இவற்றைத்தான். இன்று நடுத்தர விலையிலேயே இவை தாராளமாகக் கிடைக்கின்றன. விலகலை எந்த ஷாஃப்ட்டும் முழுவதுமாகப் போக்கிவிடாது, குறைக்க மட்டுமே செய்யும்.

அப்படியானால் எல்லோரும் குறைந்த விலகல் ஷாஃப்ட் வாங்கிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதற்கு எங்கள் அணியின் ஒரு தம்பியைச் சொல்ல வேண்டும்.

அவனுக்குக் கார்பன் ஷாஃப்ட்டின் மீது கண். கடை மேசையில் கறுப்பாகப் பளபளத்த ஒன்றைக் கையில் எடுத்துவிட்டான்.

"அண்ணா, இதை எடுத்தால் நீண்ட அடிகள் சரியாகிவிடும் அல்லவா?"

"பக்கச் சுழல் எப்போதெல்லாம் போடுகிறாய்?"

"அபூர்வம்தான், அண்ணா. வேறு வழியில்லை என்றால் மட்டும்."

"பிறகு நீண்ட அடி ஏன் தவறுகிறது?"

அவனுக்குப் பதில் தெரியவில்லை. எனக்குத் தெரியும். நேரான நீண்ட அடியில் அவனுடைய பின்கை கடைசி நொடியில் உடலை விட்டு வெளியே ஒதுங்கும். நடுவைக் குறிவைத்தும் டிப் இடப்பக்கமாகப் படும். இப்படிப்பட்ட கைக்குப் பழைய பாணி மேப்பிள் மர ஷாஃப்ட் ஓர் உதவி செய்கிறது. பின்கை வலப்பக்கம் ஒதுங்கினால், பிரிட்ஜ் கையை (மேசையில் ஊன்றிக் கியூவின் முன்பகுதியைத் தாங்கும் கை) அச்சாகக் கொண்டு கியூ திரும்பி, டிப் இடப்பக்கம் போகிறது; கியூவும் இடப்பக்கம் பார்க்கிறது. இடப்பக்கம் அடிபட்ட பந்தோ வலப்பக்கமாக விலகுகிறது. பிரிட்ஜ் கை வெள்ளைப் பந்திலிருந்து சரியான தூரத்தில் இருந்தால் ஒரு பிழை மற்றொன்றைத் தின்றுவிடுகிறது. பந்து ஏறத்தாழ நேராகவே போகிறது. அந்தச் சரியான தூரம் பழைய பாணி ஷாஃப்ட்டுகளில் பெரும்பாலும் 25 முதல் 30 செ.மீ. அளவில் அமையும். பலருடைய இயல்பான பிரிட்ஜ் தூரமும் அதுதான். விலகல் குறையக் குறைய இந்தத் தூரம் நீண்டுகொண்டே போகும். குறுகிய பிரிட்ஜ் வைத்து ஆடுகிறவர் கையில் குறைந்த விலகல் ஷாஃப்ட்டைக் கொடுத்தால், முன்பு தானாக அடங்கிய பிழை இப்போது அப்படியே வெளியே தெரியும்.

இதை அவனிடம் வாயால் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. மேசையில் வெள்ளைப் பந்தையும் ஒரு மீட்டர் தள்ளி நேர்க்கோட்டில் இன்னொரு பந்தையும் வைத்தோம். முழுப் பந்தாக, அதாவது நடுவுக்கு நடுவாக, குறிவைத்து, பிரிட்ஜை நகர்த்தாமல், பின்கையை மட்டும் வேண்டுமென்றே சற்று வலப்பக்கம் ஒதுக்கி, ஓங்கி அடிக்கச் சொன்னேன். கார்பனில் எதிர்ப்பந்து மூலை நோக்கி ஓடியது. 12.75 மி.மீ. டிப் விட்டமுள்ள மேப்பிளில் அதே தூரத்தில் பிரிட்ஜ் வைத்து அடித்தபோது, எதிர்க் குஷனின் (மேசை விளிம்பின்) நடுவுக்குச் சற்றுத் தள்ளிப் போய் முட்டியது. திரும்பத் திரும்ப அடித்தான், பிரிட்ஜை முன்னும் பின்னும் மாற்றிப் பார்த்தான். பிறகு கார்பனைத் தானே எடுத்த இடத்தில் வைத்துவிட்டான். நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்தச் சோதனையை நீங்களும் கடையில் செய்யலாம். எதிர்ப்பந்து நேராகப் போகும் வரை பிரிட்ஜ் தூரத்தை மாற்றிக்கொண்டே வாருங்கள். அந்தத் தூரம் உங்களுக்கு வசதியாக இருக்கிறதா என்று பாருங்கள். மெதுவாக அடிக்காதீர்கள், மெதுவாகப் போகும் பந்து சுழலால் வளைந்து திரும்ப நேரம் கிடைத்துவிடும், எது விலகல், எது வளைவு என்று பிரிக்க முடியாது. பின்பக்கம் தூக்கலாகப் பிடித்தாலும் வளைவு கூடும் என்பதால் கியூவை முடிந்தவரை மட்டமாக வைத்து அடியுங்கள்.

நேர்மாறான ஆட்டக்காரர் ஒருவரும் எங்களிடம் உண்டு. ஒன்பது பந்து ஆட்டத்தில் ஒவ்வொரு அடியிலும் அடுத்த பந்துக்கான இடத்தை யோசித்து, ஏறத்தாழ எல்லா அடிக்கும் பக்கச் சுழல் சேர்ப்பவர். அவருடைய பின்கை நூல் பிடித்ததுபோலப் போய் வரும். பிரிட்ஜும் நீளம். குறைந்த விலகல் ஷாஃப்ட்டுக்கு மாறியதும் அவருடைய ஆட்டம் ஒரு படி ஏறியதைக் கண்கூடாகப் பார்த்தேன். ஆனால் உடனே இல்லை. தொடக்கத்தில் பக்கச் சுழல் அடிகளில் பழைய பழக்கத்தின்படி அதிகமாகத் திருத்திக் குறிவைத்து, எளிய பந்துகளையெல்லாம் தவறவிட்டார். குறியைக் கண்ணும் கையும் மறுபடி கற்றுக்கொள்ளும் வரை பொறுமை வேண்டும். முக்கியமான போட்டிக்கு முந்தைய வாரம் ஷாஃப்ட் மாற்றுவது நல்ல யோசனை அல்ல.

விலகலுக்கு அடுத்து டிப்பின் விட்டம். பழைய பாணி ஷாஃப்ட்டுகள் 12.75 அல்லது 13 மி.மீ.; குறைந்த விலகல் வகைகள் பெரும்பாலும் 11.8-லிருந்து 12.5 மி.மீ. வரை. சிறிய டிப் அதிகச் சுழல் தரும் என்று பலர் நம்புகிறார்கள். சுழலைத் தருவது, டிப் பந்தின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளித் தொடுகிறது என்பதுதான். பந்தின் ஆரத்தில் பாதி, அதாவது சுமார் 14 மி.மீ. தள்ளிப் போனால் எந்த டிப்பும் வழுக்கிவிடும். அந்த எல்லை எல்லா விட்டத்துக்கும் பொது. சிறிய டிப்பின் உண்மையான பயன் வேறு: பந்தின் எந்த இடத்தில் தொடப்போகிறோம் என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஸ்னூக்கரில் ஒன்பது பத்து மி.மீ. டிப்போடு ஆடிவிட்டு வருகிறவர்களுக்கு 11.8 கையோடு ஒட்டிக்கொள்ளும். ஆட்டம் தொடங்கிச் சில மாதங்களே ஆனவர்களுக்கு 12.5-க்குக் கீழே போக வேண்டாம் என்பேன்.

இதோடு ஷாஃப்ட் எப்படிக் கூம்புகிறது என்பதையும் பாருங்கள். சில ஷாஃப்ட்டுகள் டிப்பிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரம் வரை ஒரே தடிமனில் இருந்து, பிறகுதான் பருக்கத் தொடங்கும். ஆள்காட்டி விரலை வளையமாகச் சுற்றி மூடிய பிரிட்ஜ் வைக்கிறவர்களுக்கு இது சுகம். விரலுக்குள் கியூ எந்த இடத்திலும் இறுகாது. திறந்த பிரிட்ஜ் வைக்கிறவர்களுக்கு, தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லப் பருக்கும் வடிவமும் பொருந்தும். அடியும் சற்றுத் திடமாக இருக்கும்.

எடையைப் பற்றித்தான் கடைகளில் அதிகம் பேசுகிறார்கள், எனக்கு அதில் அவ்வளவு அக்கறை இல்லை. பெரும்பாலான கியூக்கள் 18 முதல் 21 அவுன்ஸ் வரை, அதாவது ஏறத்தாழ 510 முதல் 595 கிராம் வரை இருக்கும். சர்வதேசப் போட்டி விதிகள் 25 அவுன்ஸ் வரை அனுமதிக்கின்றன. அவ்வளவு கனமான கியூவோடு யாரும் ஆடி நான் பார்த்ததில்லை. பத்தொன்பதில் தொடங்குங்கள். பல கியூக்களின் அடிப்பகுதி ரப்பரைக் கழற்றினால் உள்ளே ஓர் எடைத் திருகு இருக்கும். அதை மாற்றி அரை அவுன்ஸ், ஓர் அவுன்ஸ் கூட்டலாம், குறைக்கலாம். வாங்கும்போதே அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எடையைவிடச் சமநிலைப் புள்ளி முக்கியம். கியூவை ஒரு விரலின் மேல் கிடத்தி, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அடிப்பக்கத்திலிருந்து 45 முதல் 48 செ.மீ. தூரத்தில் நிற்பது பொதுவான அமைப்பு. அதைவிட முன்னே இருந்தால் ஷாஃப்ட் பிரிட்ஜில் அழுந்தி உட்காரும். கை நடுங்குகிறவர்களுக்கு அது துணை. பின்னே இருந்தால் முன்முனை மிதப்பதுபோல இருக்கும். மென்மையான தொடுதலை விரும்புகிறவர்கள் இதை நாடுவார்கள். உயரமானவர்கள் வழக்கமான 58 அங்குலத்தைவிட நீளமான கியூவையோ நீட்டிப்பையோ பார்க்கலாம். பின்பிடி கியூவின் கடைசி நுனி வரை போய்விடுகிறது என்றால் கியூ உங்களுக்குக் குட்டை.

ஜாயின்ட்டைப் பற்றிய வாக்குவாதங்கள் முடிவற்றவை. எஃகு வளையம் இறுக்கமான அடியைத் தரும், மரத்தோடு மரம் சேர்வது மென்மையாக இருக்கும் என்பார்கள். எங்கள் கிளப்பில் ஒருநாள் மாலை ஜாயின்ட் மேல் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, எது எஃகு, எது மரம் என்று சொல்லுமாறு ஆளாளுக்குக் கொடுத்தோம். அடித்துச் சரியாகச் சொன்னவர்களும் தவறாகச் சொன்னவர்களும் கலந்தே இருந்தார்கள். உறுதியாகப் பந்தயம் கட்டியவர்களே தடுமாறினார்கள். டிப்பின் கடினம் தரும் வேறுபாட்டில் கால்வாசிகூட ஜாயின்ட் தருவதில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் ஜாயின்ட் திருகின் அளவு ஒரு நடைமுறைக் காரணத்துக்காக முக்கியம். 3/8-10, 5/16-18, ரேடியல், யூனி-லாக் என்று சில வகைகள் பரவலாகப் புழங்குகின்றன. இவற்றில் ஒன்று உங்கள் கியூவில் இருந்தால், பின்னாளில் ஷாஃப்ட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அந்தத் தம்பிக்கு மேப்பிள் ஷாஃப்ட் கியூவை நான் எடுத்துக்கொடுத்ததும் இந்தக் கணக்கில்தான்: கை நேரான பிறகு, பக்கச் சுழல் ஆட்டத்துக்குள் வந்த பிறகு, அதே பின்பாதிக்குப் புதிய ஷாஃப்ட் பொருத்திக்கொள்ளலாம். தயாரிப்பாளர் தனக்கு மட்டுமே உரிய திருகு வைத்திருந்தால் அவருடைய ஷாஃப்ட்டுக்கே கட்டுப்பட வேண்டியிருக்கும்.

கைப்பிடிச் சுற்று உள்ளங்கையைப் பொறுத்தது. வியர்க்கும் கைக்கு ஐரிஷ் லினன் நூல், வறண்ட கைக்குத் தோல், எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு வெறும் மரம். அவ்வளவுதான்.

இனி கடையில் கியூ நேராக இருக்கிறதா என்று பார்ப்பது. பலரும் கியூவை மேசையில் ஒருமுறை உருட்டிவிட்டுத் தலையசைப்பார்கள். அது போதாது. முதலில் ஷாஃப்ட்டைத் தனியாக உருட்டுங்கள், கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கி. ஷாஃப்ட்டுக்கும் துணிக்கும் இடையே தெரியும் வெளிச்சக் கீற்று ஒரே அகலத்தில் நிற்க வேண்டும். விரிந்து சுருங்கினால் வளைவு. பின்பாதியையும் அவ்வாறே பாருங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து உருட்டுங்கள். தனித்தனியாக நேராக இருந்து, சேர்த்ததும் கீற்று துள்ளினால், சிக்கல் மரத்தில் இல்லை. ஜாயின்ட் முகங்கள் சரியாகச் சீவப்படவில்லை. இது பின்னால் சரியாகாது, அந்தக் கியூவை விட்டுவிடுங்கள். மிக மெல்லிய அசைவு பல நல்ல கியூக்களிலும் இருக்கும், அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. அடுத்து, கியூவைத் தளர்வாகப் பிடித்து அடிப்பகுதியை உள்ளங்கையில் தட்டுங்கள். உள்ளே கிர்ரென்று அதிர்ந்தால் எடைத் திருகோ வேறு ஏதோ தளர்ந்திருக்கிறது. டிப்புக்குக் கீழே உள்ள வெள்ளை ஃபெரூலில் நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நகத்துக்குத் தட்டுப்படும். பழைய கியூ வாங்குகிறவர்கள் இந்த நகச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

அடித்துப் பார்க்க, டிப்பில் தடவும் உங்கள் சொந்தச் சுண்ணத்தையே (சாக்) எடுத்துப்போங்கள். ஒப்பிடும் கியூக்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மேசை, ஒரே வெள்ளைப் பந்து. காசு போட்டு ஆடும் மேசைகள் சிலவற்றில் வெள்ளைப் பந்து மற்ற பந்துகளைவிடக் கனமாக இருக்கும். அதில் பின்சுழல் பந்தைப் பின்னுக்கு எளிதில் இழுக்காது, விலகலும் மாறும். அங்கே சோதித்துக் கியூவின் மீது பழி போடக்கூடாது. அதேபோல ஒரு கியூவில் கடினமான டிப்பும் மற்றொன்றில் மென்மையான டிப்பும் இருந்தால், நீங்கள் ஒப்பிடுவது பெரும்பாலும் டிப்பைத்தான். டிப் பிடிக்கவில்லை என்பதற்காக நல்ல ஷாஃப்ட்டை ஒதுக்காதீர்கள். டிப்பை மாற்ற முடியும், செலவும் குறைவு. பன்றித்தோலை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த நடுத்தரக் கடின டிப் பெரும்பாலான ஆட்டங்களுக்குப் பொருந்துகிறது.

வாங்கி வந்த பிறகு பிரேக் (அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடி) அடிக்க அந்தக் கியூவைப் பயன்படுத்தாதீர்கள். முழு வேகத்தில் அடிப்பதை டிப் தாங்காது. பக்கங்களில் பிதுங்கி, மேல்முகம் தட்டையாகி, அடுத்த மென்மையான அடியில் கைவிட்டுவிடும். அதற்குக் கிளப்பின் பொதுக் கியூவே போதும். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள்; வெப்பமும் ஈரமும் மாறி மாறி வந்தால் மரம் வளையும், டிப் பசையும் இளகும். சுவரில் சாய்த்து வைக்காமல், கழற்றி உறையில் போட்டு நிறுத்துங்கள். மேப்பிள் ஷாஃப்ட்டை ஆட்டம் முடிந்ததும் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் போதும். மணல் தாள் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் விட்டம் குறைகிறது, நீங்கள் பார்த்துப் பார்த்து வாங்கிய 12.75 உங்களுக்குத் தெரியாமலே வேறொன்றாகிவிடும்.

டிப் தேய்ந்து ஃபெரூலின் விளிம்பை நெருங்கும்போது, அடியின் சத்தம் கூர்மையாவதை முதலில் காது கேட்கும். அப்போதே மாற்றிவிடுங்கள். மாற்றித் தருபவரிடம் பழைய டிப்பின் பெயரையும் கடினத்தையும் மேல்வளைவையும் சொல்லி, அதையே போடச் சொல்லுங்கள். புதிய டிப்போடு முதல் நாள், முன்பு சொன்ன பிரிட்ஜ் தூரச் சோதனையை ஒருமுறை செய்து பார்த்துவிட்டு லீக் ஆட்டத்துக்குப் போங்கள்.